தண்ணீர்ச் செலவு

டேங்கர் ஒரு லோடு, ஆறாயிரம் லிட்டர்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
எந்தத் தலைப்பில் எழுத என்று
செயலாளர் தயாபரன் கேட்கிறார்.
கட்டடப் பராமரிப்பு, என்கிறேன்.
ஆராதனைச் செலவு என்று போடலாமே, என்கிறார்.
பொருளாளர் நான்.
பேனா மூடியைத் திறக்கவில்லை.

வெஸ்ட்ரிக்குப் பின்னால், ஜெனரேட்டரை ஒட்டி,
நீல ஃபைபர் தொட்டி. உள்ளே இறங்க மூன்று படி.
நாளை பதினோரு பேர் முழுகுகிறார்கள்.
லிங்கராஜபுரத்தில் போர்வெல் வற்றி
இருபது நாளாகிறது.
டேங்கரின் பின்னாலேயே நடந்து வந்த பெண்கள்
குடங்களோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கணக்குப் புத்தகம் தேடிய பீரோவின் அடித்தட்டில்
எழுபத்தெட்டாம் வருடத்துச் சபைப் பதிவேடு.
எண் இருநூற்றுப் பதினான்கு:
மாசிலாமணி, சிகரெட் ஃபேக்டரி, பேக்கிங்.
மனைவி ஞானப்பூ. மகள் ஒன்று, மகன் ஒன்று.
ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
ஓரத்தில்,
'மறு ஞானஸ்நானம் பெற்றபடியால் நீக்கம்.'
நல்ல கையெழுத்து. கோபமே இல்லை அதில்.

அந்த மகள் நான்.

ஹென்னூர் ஏரியில், லாரி கழுவுகிற கரையில்
இருட்டு பிரியுமுன் அப்பாவை அமிழ்த்தினார்கள்.
போகும்போது சாராய வாடை.
எழும்போது பாசி வாடை.
பாசி இரண்டு நாளில் போயிற்று,
மற்றது திரும்பி வரவேயில்லை.
சம்பளக் கவர் பிரிக்காமல் வீடு வந்த முதல் மாதம்
அம்மா அதை எண்ணத் தெரியாமல்
என்னிடம் தந்தாள். எனக்கு ஒன்பது வயது.
சிகரெட் வேலையையும் விடு என்றார் புதுப் பாஸ்டர்.
அதை மட்டும் அப்பா விடவில்லை.

அம்மா கம்மலைக் கழற்றினாள்.
விற்ற காசு
மரக்கடைக்குப் பின்னாலிருந்த ஜெபக் கொட்டகைக்குத்
தகரக் கூரையானது.
மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது,
எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.

அதே தகரத்தின் கீழே
தம்பி எப்பிராயீம் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தான்.
மாத்திரை அவிசுவாசம்.
ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி கால்மணி நேரம்.
பத்தாம் நாள்
பதிவேட்டில் பெயர் இல்லையென்று
கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்றது
இந்தக் கோயில்.
ஒரு மாந்தோப்போரம் வைத்தோம்.
இப்போது அங்கே பார்க்கிங், இரண்டு தளம்.

அப்பாவை வரவில், தம்பியைச் செலவில்
வைத்துப் பார்த்ததுண்டு, தூக்கம் வராத இரவுகளில்.
முப்பது வருடம் வங்கியில் இருந்தவள்.
எனக்கே டேலி ஆகவில்லை.

கல்யாணம் பேசியதில் கடிதம் வாங்கி
இங்கேயே திரும்பினேன்.
காது ஓட்டை அதற்குள் தூர்ந்துவிட்டது,
மறுபடி குத்திக்கொள்ளவில்லை.
கைதட்டக் கூடாதென்ற கோயிலில்
இன்று இரண்டாம் ஆராதனைக்கு டிரம்ஸ்.
கண்மூடி, கை தூக்கி, தேம்பி அழுகிறார்கள்.
மூன்று வார்த்தைக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறார் ஐயர்.
எங்கிருந்து வந்ததென்று கேட்பாரில்லை.
எனக்கு மட்டும் அப்போதெல்லாம்
தலைக்கு மேலே தகரத்தில் மழை.

ஓஸ் பைப்பைத் தொட்டிக்குள் விட்டாயிற்று.
கேட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.
'கோயில் தண்ணியா மேடம், எடுக்கலாமா?'
'லாரித் தண்ணிதான். வரிசையா வாங்க.'
தயாபரன் மணி பார்த்தார், தொட்டி பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
நாற்பது குடமிருக்கும். எண்ணவில்லை,
எண்ணாதது அன்றைக்கு அது ஒன்றுதான்.

பில்லில் ஆறாயிரம் என்றே எழுதினேன்.
தலைப்பு: தண்ணீர்.

சாயங்காலம் ஐயர் வந்து படியில் நின்று
கையை விட்டு ஆழம் பார்த்தார்.
நெஞ்சுக்கு வராதே, என்றார்.
இடுப்புக்கு வரும் ஐயரே, என்றேன்,
இறங்குகிறவர்கள் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.